மஞ்சள் நிற ஒளிவினையூக்கித் தூள் கண்ணுறு ஒளியில் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மாணவி, டர்பன்

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் வேதியியல் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். ஹம்மர்ஸ்டேல் பக்கம் துணிகளுக்குச் சாயமேற்றும் ஆலைகள் இருப்பதால், சாயக் கழிவுநீரைச் சூரிய ஒளியால் தெளிய வைக்கும் வழி ஒன்றை ஆராயலாம் என்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். தூய டைட்டேனியம் டை ஆக்சைடு புறஊதாக் கதிரை மட்டுமே பயன்படுத்தும் என்பதும், நிலத்தை எட்டும் சூரிய ஒளியில் புறஊதாவின் பங்கு சுமார் 3 முதல் 5 விழுக்காடுதான் என்பதும் இங்குள்ளோர் அறிந்ததே. ஆகவே நைட்ரஜனை மாசூட்டி (அதாவது படிகத்துக்குள் சிறிதளவு புகுத்தி), கண்ணுறு ஒளியிலும், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும், வினைபுரியும் தூளைத் தயாரிக்க முயன்றேன்.

டைட்டேனியம் ஐசோபுரொப்பாக்சைடையும் யூரியாவையும் கூழ்ம முறையில் கலந்து, உலர்த்தி, 400 டிகிரி செல்சியசில் இரண்டு மணி நேரம் சுட்டெடுத்தேன். வெளிர் மஞ்சள் நிறத்தில் தூள் கிடைத்தது. ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் உள்ள கரைசலில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் தூளைக் கலந்து, 500 வாட் ஹாலஜன் விளக்கின் கீழ் வைத்ததில், மூன்று மணி நேரத்தில் நிறம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஜனவரி மாத நண்பகலில் மொட்டை மாடியில் வைத்தபோது அதைவிட மிக விரைவாக நிறம் போய்விட்டது. பிரதிபலிப்பு நிறமாலையிலிருந்து வரைந்த கோட்டை நீட்டிப் பார்த்தால் பட்டை இடைவெளி (தூள் உறிஞ்ச ஒளிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) 2.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வருகிறது.

இவ்வளவையும் வைத்து "கண்ணுறு ஒளியில் இயங்கும் ஒளிவினையூக்கி" என்று ஆய்வேட்டில் எழுதலாமா? என் வழிகாட்டி எழுதலாம் என்கிறார். எனக்கோ மனம் ஒப்பவில்லை. எந்த இடத்தில் ஐயம் என்று சொல்லவும் தெரியவில்லை.


பதில்: வேதிப்பித்தன், ஜோஹன்னஸ்பர்க்

உங்கள் மனம் ஒப்பாமல் இருப்பது சரியே. நான் திருநெல்வேலியில் ஆய்வு மாணவனாக இருந்தபோது இதே தூளை இதே முறையில் தயாரித்து, இதே முடிவை எழுதி, பின்னர் அதை அடித்துத் திருத்தியவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விளக்கு. டைட்டேனியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் பட்டை இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 1240ஐ அதனால் வகுத்தால் 387 நானோமீட்டர்; அந்த அலைநீளத்துக்குக் கீழுள்ள ஒளியைத்தான் அது உறிஞ்சும். ரூட்டைல் என்ற மற்றொரு படிக வடிவத்துக்கு 3.0, அதாவது சுமார் 413 நானோமீட்டர். ஹாலஜன் விளக்கு பெரும்பாலும் கண்ணுறு ஒளியையும் வெப்பத்தையும் தருவது உண்மையே என்றாலும், 387க்குக் கீழேயும் அது சிறிது உமிழ்கிறது. அந்தச் சிறிதளவே தூய டைட்டேனியம் டை ஆக்சைடுக்குப் போதும். சாதாரணக் கண்ணாடிக் குடுவை இதைத் தடுக்காது. சன்னல் கண்ணாடி தடுப்பது 320க்குக் கீழுள்ள பகுதியைத்தான். ஆகையால் 420 நானோமீட்டருக்குக் கீழ் வெட்டும் வடிகட்டி ஒன்றை வைக்க வேண்டும். அது வாங்க முடியாத விலையென்றால், 1 மோலார் சோடியம் நைட்ரைட் கரைசலை இரட்டைச் சுவர்க் குடுவையின் வெளிச்சுற்றில் நிரப்புங்கள். 400க்குக் கீழுள்ள ஒளியை அது விழுங்கிவிடும், விளக்கின் வெப்பத்தையும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். நச்சுப்பொருள் என்பதால் கையுறை கட்டாயம். மாடியில் வெயிலில் செய்த சோதனையைக் கண்ணுறு ஒளிக்கான சான்றாகக் காட்டவே முடியாது. கோடையில் உங்கள் ஊர்ச் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது; அந்த 4 விழுக்காடு புறஊதாவே அங்கு ஏராளம்.

அடுத்தது சாயம். என் பார்வையில் பெரிய சிக்கல் இதுதான். மெத்திலீன் நீலம் 664 நானோமீட்டரில் ஒளியை மிக நன்றாக உறிஞ்சும் பொருள். ஒளியை உறிஞ்சிக் கிளர்ந்த சாய மூலக்கூறு, தான் ஒட்டிக்கொண்டிருக்கும் தூளின் கடத்தல் பட்டைக்குள் (எலக்ட்ரான்கள் எளிதில் நகரும் ஆற்றல் நிலைகளுக்குள்) ஓர் எலக்ட்ரானைச் செலுத்திவிடுகிறது. அந்த எலக்ட்ரானை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த சாயம் சிதைகிறது. இங்கு தூள் ஒளியை உறிஞ்சவே இல்லை, எலக்ட்ரான் கடந்து போவதற்கான வழியாக மட்டும் இருந்தது. மாசூட்டாத வெள்ளைத் தூளும் இதைத் தடையின்றிச் செய்யும். சாயம் தன்னைத்தானே அழித்துக்கொண்டதை வினையூக்கியின் கணக்கில் வரவு வைத்த ஆய்வுக் கட்டுரைகள் இத்துறையில் மலிந்து கிடக்கின்றன.

இதைப் பிரித்தறிய மலிவான வழி ஒன்று உண்டு. வீட்டுக்குள் செடி வளர்ப்போர் வாங்கும் 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் மாசூட்டிய தூள் அந்தச் சிவப்பை உறிஞ்சாது, சாயமோ நன்றாக உறிஞ்சும். அந்த ஒளியில் தூளுடன் வைத்த சாயம் மட்டும் வெளுத்து, தூளில்லாத சாயம் அவ்வளவு வெளுக்காமல் நின்றால், நீங்கள் பார்த்தது சாயத்தின் வேலை. பிறகு 450 நானோமீட்டர் நீல எல்இடியில், மாசூட்டாத தூள், மாசூட்டிய தூள், தூளே இல்லாத கரைசல் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒளியேற்றும் முன் அரை மணி நேரமாவது இருட்டில் கலக்கி, சாயம் தூளில் ஒட்டிக்கொள்வதை ஓர் அளவுக்கு வரவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது ஐயம் மஞ்சள் நிறத்தைப் பற்றியது. யூரியாவை 400 டிகிரியில் சூடேற்றினால் அது நைட்ரஜனை மட்டும் விட்டுவிட்டுப் போவதில்லை. மெலமின், மெலம் போன்றவையாகத் தம்முள் இணைந்து மஞ்சள் நிறத் திண்மப்பொருளாகவும் மாறும். டைட்டேனியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு இந்த இணைப்பைத் தூண்டுகிறது. யூரியா வழியில் தயாரித்த தூள்களின் கண்ணுறு ஒளிச் செயல்பாடு, படிகத்துக்குள் புகுந்த நைட்ரஜனால் அல்லாமல், மேலே படிந்த இந்தப் பொருள்களால் வருவது என்று மிட்டோராஜும் கிஷும் 2008இல் எடுத்துக் காட்டினர். அகச்சிவப்பு நிறமாலையில் அலைஎண் 810 (செ.மீ.⁻¹) அருகே கூர்மையான கோடும், 1200 முதல் 1600 வரை கூட்டமான கோடுகளும் தெரிந்தால் உங்கள் தூளும் அந்த வகையே. அது குற்றமில்லை. ஆனால் அதற்கு மாசூட்டல் என்று பெயர் வைக்கக் கூடாது.


பதில்: மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

மேலே சொன்னவற்றோடு சிறு குறிப்பு ஒன்று. பள்ளியில் நீலக்குடுவைச் சோதனை செய்திருப்பீர்கள். காரம் கலந்த குளுக்கோஸ் கரைசலில் மெத்திலீன் நீலம் நிறமிழந்து நிற்கும், குலுக்கியதும் மீண்டும் நீலமாகும். ஒளிவினையிலும் ஆக்சிஜன் குறைந்த கரைசலில் இதுவே நடக்கலாம். எலக்ட்ரானைப் பெற்ற சாயம் அழியாமலேயே நிறமற்ற வடிவத்துக்கு மாறிவிடும். தெளிந்த கரைசலைக் காற்றுப்பட ஐந்து நிமிடம் குலுக்கிப் பாருங்கள், மகளே. நீலம் திரும்பினால் அது சிதைவு அன்று. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு மூடியிட்ட போத்தல் போதும்.


பதில்: பழைய வெள்ளைத்தூள், நேட்டால் தென்கரை

நான் ஆராய்ச்சியாளன் அல்லன். டர்பனுக்குத் தெற்கே வெள்ளை நிறமி செய்த ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எழுதும் தமிழ் பாட்டியிடமும் கோயில் வகுப்பிலும் கற்றது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மூலப்பொருளைப் பற்றி மட்டும் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க மாசூட்டாத தூள் வேண்டும் என்று மேலே ஒருவர் சொன்னார். அதற்காக வண்ணப்பூச்சுக் கடைக்குப் போய்ப் பொடி வாங்கிவிடாதீர்கள். வண்ணப்பூச்சுக்குச் செய்யும் டைட்டேனியம் டை ஆக்சைடு பெரும்பாலும் ரூட்டைல். அதன் ஒவ்வொரு துகளையும் அலுமினா, சிலிக்கா ஆகியவற்றால் மெல்லியதாகப் போர்த்தித்தான் வெளியே அனுப்புவோம். அப்படிச் செய்யாவிட்டால் வெயிலில் அந்தத் துகள் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே தின்றுவிடும். சுவரைத் தொட்டால் கையில் சுண்ணாம்பு போல மாவு ஒட்டும். நீங்கள் எந்தக் குணத்தைத் தேடி உழைக்கிறீர்களோ, அந்தக் குணத்தை அடக்குவதற்காகவே எங்கள் ஆலையில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. ஒப்பீட்டுக்கு எல்லோரும் பயன்படுத்துவது பி25 என்ற போர்த்தாத தூள் என்று அறிகிறேன்.

இன்னொன்று. ரிச்சர்ட்ஸ் பே மணலிலிருந்து நேராகத் தூள் செய்யலாமே என்று இங்கே மாணவர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. அந்தக் கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் மூன்றும் கலந்திருக்கின்றன. தூய இல்மனைட்டில் டைட்டேனியம் டை ஆக்சைடு 53 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மற்றது இரும்பு ஆக்சைடு. அதனால்தான் அங்கே மின் உலையில் கரியோடு உருக்கி, இரும்பைத் தனியே வடித்து, 85 விழுக்காடு அளவுள்ள கசடாக மாற்றி விற்கிறார்கள். இல்மனைட்டை நேரடியாகக் கந்தக அமிலத்தில் கரைத்தால் அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) மலைமலையாக வந்து சேரும், அதைப் படிகமாக்கி நீக்க வேண்டும். அதற்குப் பிறகும் கரைசலில் நிற்கும் கடைசித் துளி இரும்பைக் கழுவி விரட்டுவதில்தான் எங்கள் திறமையெல்லாம் இருந்தது. இரும்பு சற்றே மிஞ்சினாலும் வெண்மை பழுப்பாகிவிடும். நாங்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய இந்த இரும்பு விருந்தாளியை, மாசூட்டவென்று இன்றைய மாணவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வருகிறது.

கடற்கரையில் நீங்களாக மணல் அள்ள வேண்டாம். அனுமதி தேவை என்பது ஒருபுறம். கருமணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கலாம், அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு.


சாட்ஸ்வொர்த் மாணவி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போய், அளவீட்டைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய நேர்ந்தது.

குலுக்கிப் பார்த்தேன், நீலம் திரும்பவில்லை. அந்தச் சோதனையில் தேறிவிட்டேன். ஆனால் சிவப்பு விளக்கு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. 660 நானோமீட்டர் ஒளியில் என் மஞ்சள் தூளுடன் வைத்த சாயமும், பி25 உடன் வைத்த சாயமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெளுத்தன. தூளில்லாத கரைசல் மிக மெதுவாகவே மங்கியது. 450 நானோமீட்டர் நீல ஒளியில் மஞ்சள் தூள் பி25ஐ விடச் சற்று முந்தியது. அந்த இடைவெளி நான் நினைத்ததில் சிறு பங்குகூட இல்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 810 கோடும் இருக்கிறது.

சாயத்தை விட்டுவிட்டு, கண்ணுறு ஒளியை உறிஞ்சாத ஃபீனாலை எடுத்துக்கொண்டு மீண்டும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். வழிகாட்டியோ, நைட்ரஜனை விட்டுவிட்டு 3 விழுக்காடு இரும்பை மாசூட்டிப் பார்க்கச் சொல்கிறார்; நிறம் நன்றாக ஆழமாகும், ஆகவே உறிஞ்சலும் கூடும் என்பது அவர் கருத்து. எதைப் பின்பற்றுவது?


பதில்: வேதிப்பித்தன், ஜோஹன்னஸ்பர்க்

ஃபீனால் சாயத்தைவிட நல்ல தேர்வு, ஆயினும் முழுக்கத் தூய்மையானது அன்று. ஃபீனால் டைட்டேனியம் டை ஆக்சைடின் மேற்பரப்பில் பிணைந்து ஓர் அணைவுச் சேர்மத்தை உருவாக்குகிறது. தனித்தனியே கண்ணுறு ஒளியை உறிஞ்சாத இரண்டும் சேர்ந்த அந்த அணைவுச் சேர்மம் சிறிதளவு உறிஞ்சும். குளோரோஃபீனால் போன்றவை மாசூட்டாத தூளிலேயே கண்ணுறு ஒளியில் சிதைவதை வொன்யோங் சோய் குழுவினர் 2005இல் காட்டியுள்ளனர். எனவே ஃபீனாலுக்கும் பி25 ஒப்பீடு கட்டாயம்.

நைட்ரஜனைக் கைவிடும் முன் அதன் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் உங்கள் ஆய்வேட்டின் அறிமுகத்தில் இது தேவைப்படும். ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் டைட்டேனியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியால் நீரைப் பிரித்ததை அனைவரும் மேற்கோள் காட்டுவர். அம்மோனியம் சேர்மத்துடன் சுட்ட தூள் கண்ணுறு ஒளியில் வினைபுரிவதை சாட்டோ 1986இலேயே கண்டிருந்தார் என்பதைச் சொல்வோர் குறைவு. டொயோட்டா ஆய்வகத்தின் அசாஹி குழு 2001இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே உலகம் விழித்தது. நைட்ரஜனின் 2பி நிலைகள் ஆக்சிஜனின் நிலைகளோடு கலந்து பட்டை இடைவெளியைக் குறுக்குகின்றன என்பது அவர்கள் விளக்கம். டி வாலன்டின், பச்சியோனி, செல்லோனி ஆகியோரின் கணக்கீடுகள் பின்னர் வேறு படத்தைத் தந்தன: நைட்ரஜன் குறைவாக உள்ளபோது பட்டை குறுகுவதில்லை, இணைதிறன் பட்டைக்கு, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய பட்டைக்கு, சற்று மேலே தனித்து நிற்கும் நிலைகள்தாம் தோன்றுகின்றன. ஆக்சிஜனின் இடத்தில் அமர்ந்த நைட்ரஜன் என்றால் அந்த நிலை சுமார் 0.14 எலக்ட்ரான் வோல்ட் மேலே, அணுக்களின் இடைவெளியில் செருகிய நைட்ரஜன் என்றால் 0.73 மேலே. எக்ஸ் கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையில் முதலாவதை 396, 397 எலக்ட்ரான் வோல்ட் அருகிலும், இரண்டாவதை 400 அருகிலும் தேடுவது வழக்கம்.

உங்கள் 2.6 என்ற எண்ணும் இதனால்தான் பொருளற்றதாகிறது. நிறமாலையை உற்றுப் பார்த்தால், 387 அருகே உள்ள செங்குத்தான விளிம்பு நகராமல் அங்கேயே நிற்பதும், 400 முதல் 500 வரை தாழ்வான ஒரு தோள் மட்டும் புதிதாக எழுந்திருப்பதும் தெரியும். அந்தத் தோளின் மேல் அளவுகோலை வைத்துக் கோட்டை நீட்டினால் ஏதோ ஓர் எண் கிடைக்கத்தான் செய்யும். அது பட்டை இடைவெளி அன்று.

தனித்து நிற்கும் நிலை என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. அங்கே தோன்றும் துளை (ஒளிபட்டு எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடம்), பட்டைக்குள் தோன்றும் துளையைப் போல எளிதில் நகராது. அதன் ஆக்சிஜனேற்ற வலிமையும் குறைவு. நைட்ரஜன் மாசூட்டிய தூள் கண்ணுறு ஒளியில் ஃபார்மேட் அயனியைக்கூட ஆக்சிஜனேற்றம் செய்யத் தவறியதை ஹாஃப்மன் குழு 2004இல் பதிவு செய்தது. வெயிலில் வைக்கப் போகும் பொருளுக்கு இது முக்கியமானது. மாசூட்டலால் கண்ணுறு ஒளியில் கொஞ்சம் கிடைத்து, புறஊதாவில் இருந்த திறன் அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டால் மொத்தத்தில் நட்டமே. சாய ஆலைக்காரர் தூள் எந்த அலைநீளத்தில் வேலை செய்கிறது என்று கேட்கப் போவதில்லை, மாலைக்குள் தண்ணீர் தெளியுமா என்றுதான் கேட்பார். அதனால் எல்இடி அளவீடுகளுக்கு அப்பால், உங்கள் தூளையும் பி25ஐயும் ஒரே நாளில், ஒரே மாடியில், அருகருகே வெயிலில் வைத்த ஒப்பீடு ஒன்று ஆய்வேட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இனி இரும்பு. ஃபெரிக் (இரும்பு) அயனியின் ஆரம் 0.645 ஆங்ஸ்ட்ராம், டைட்டேனியத்தின் ஆரம் 0.605. ஆகவே அது படிகத்துக்குள் எளிதாகவே இடம் பிடிக்கும். சோய், டெர்மின், ஹாஃப்மன் மூவரும் 1994இல் 21 உலோக அயனிகளை மாசூட்டி ஒப்பிட்டபோது முன்னணியில் நின்றவற்றுள் இரும்பும் ஒன்று, கோபால்ட்டும் அலுமினியமும் திறனைக் குறைத்தன. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். அந்த அளவீடுகள் புறஊதாவில் செய்யப்பட்டவை. இரும்பின் உகந்த அளவு அரை விழுக்காட்டின் அருகில் இருந்தது. உங்கள் வழிகாட்டி சொல்லும் 3 விழுக்காட்டில், எலக்ட்ரானையும் துளையையும் தற்காலிகமாகப் பிடித்துவைக்க வேண்டிய இரும்பு அயனிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடுகின்றன; பிரித்துவைக்க வேண்டியவையே இரண்டையும் சேர்த்துவைக்கும் இடமாகிவிடும். மேலும் சுடும்போது மிகுதி இரும்பு ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடாகத் தனியே பிரியக்கூடும். நிறம் அழகாக ஆழமாகும் என்பது சரி. உறிஞ்சிய ஒளியெல்லாம் வினையாக மாறும் என்று மட்டும் யாரும் உறுதி தர முடியாது.

செய்வதென்றே முடிவானால் 0.1, 0.25, 0.5, 1 என்று நான்கு அளவுகளில் செய்து, 3ஐ எல்லைக்கு அப்பாற்பட்டதன் உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் சொல்லும் காப்பாற்றப்படும். வேகத்தை ஒளியின் அளவால் வகுத்து எழுத மறக்க வேண்டாம், ஏனெனில் 365, 405, 450 நானோமீட்டர் எல்இடிகள் ஒரே எண்ணிக்கையில் ஒளித்துகள்களைத் தருவதில்லை. ஒளித்துகள்களை எண்ண உதவும் ஃபெரியாக்சலேட் கரைசலைக் கொண்டு மூன்றையும் அளந்துவிடலாம், அந்தக் கரைசலையும் இருட்டறையில்தான் கையாள வேண்டும்.


பழைய வெள்ளைத்தூள், நேட்டால் தென்கரை

இரும்பைச் சேர்க்கத் துணிந்த பிறகு, அது தூளுக்குள்ளேயே இருக்கிறதா, நீரில் இறங்கிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? கரைந்த இரும்போடு ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிது சேர்ந்தாலே சாயம் சிதையும், ஒளிவினையூக்கி எதுவும் தேவைப்படாது. எங்கள் ஆலையில் கழுவிய நீரை இதற்கென்று சோதிக்கும் பழக்கம் இருந்தது. தூளை முழுவதும் வடிகட்டி, வடிநீரில் சிறிது அமிலமும் இரண்டு சொட்டு பொட்டாசியம் தயோசயனேட்டும் விடுங்கள், அம்மா. சிவந்தால் இரும்பு வெளியே வந்துவிட்டது. முதல் நாள் வடிநீரை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஒரே தூளைக் கழுவி ஐந்தாறு முறை பயன்படுத்திய பின் வரும் நீரையும் பாருங்கள். எங்களுக்குத் தொல்லை கொடுத்த இரும்பு பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும்.